பூனையின் நகமும் வீட்டு நாற்காலியும்

நம் பாட்டனார் காலத்து வீடுகளில் இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை. அந்நாளைய வீட்டில் பூனைக்குக் கொல்லைப்புறத்தில் முருங்கை இருந்தது, தென்னை இருந்தது, மாட்டுத் தொழுவத்தின் கூரையைத் தாங்கிய பூவரசங்கால் இருந்தது. அவற்றுள் எதைக் கீறினாலும் கேட்பார் இல்லை. மனிதர் அமர்வதற்குத் திண்ணையும் பாயும் மணைப்பலகையும் இருந்தன. பாயைச் சுருட்டிப் பரண்மேல் வைத்துவிட்டால், பூனைக்கும் பாய்க்கும் இருந்த தொடர்பு அற்றுப் போயிற்று.

இன்று நிலைமை வேறு. அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியில் முருங்கையும் இல்லை, பூவரசங்காலும் இல்லை. கூடத்தின் நடுவே மாதத் தவணையில் வாங்கிய சோபா ஒன்று வீற்றிருக்கிறது. பூனை அதன் அருகே செல்கிறது. பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களை உயரத் தூக்கி, கைப்பிடித் துணியைச் 'சரக், சரக்' என்று கீறுகிறது. நூல் பிரிகிறது, பஞ்சு எட்டிப் பார்க்கிறது, வீட்டில் கூச்சல் எழுகிறது.

இந்தக் கூச்சலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். 'பூனை நாற்காலியைக் கீறுவதற்கு ஒரு வானொலிப் பேச்சா?' என்று மாணவ அன்பர்களாகிய உங்களுள் சிலர் புன்னகை செய்யலாம். செய்யுங்கள், தவறில்லை. ஆனால் சிறிய கேள்விகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அவற்றைச் சரியாகக் கேட்கக் கற்றவர்கள் பெரிய கேள்விகளையும் சரியாகக் கேட்பார்கள். மேலும், இக்கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்து வாயில்லா உயிர் ஒன்றின் வாழ்வே அமைந்துவிடுகிறது. பல வீடுகளில் இந்த வழக்கின் தீர்ப்பு ஒரு கோணிப்பையில் முடிகிறது என்பதை நீங்களும் அறிவீர்கள். பூனையைக் கோணிக்குள் இட்டு, வாயைக் கட்டி, ஊருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அதன் பிறகு அது என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

'பூனை கீறுவதை எப்படி நிறுத்துவது?' என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு விடை கிடையாது. ஏனெனில் அதை நிறுத்த முடியாது. 'பூனை ஏன் கீறுகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

முதலில் நகத்தைப் பார்ப்போம். பூனையின் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகங்கள், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகங்கள், ஆக மொத்தம் 18 நகங்கள் உண்டு. நம் விரல் நகம் விரலின் மேல் ஒட்டி வைத்த ஓடு போன்றது. பூனையின் நகம் அத்தகையது அன்று. விரலின் கடைசி எலும்பைத் தழுவிக்கொண்டு, அதனோடு ஒன்றி வளர்வது. பூனை நடக்கும்போது நகம் தரையில் உரசுவதில்லை. பூனை அமைதியாக இருக்கையில் நகத்தைத் தன் முயற்சியால் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. மீள்தன்மை உடைய நார் ஒன்று அந்தக் கடைசி எலும்பை மேல்நோக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே நகம் உள்ளே இருப்பதே அதன் இயல்பு நிலை. தேவை நேரும்போது பூனை தசையைச் சுருக்கி, நகத்தை வெளியே நீட்டுகிறது. வாள் உறையிலேயே கிடக்கிறது. உருவுவதற்குத்தான் முயற்சி வேண்டும்.

இந்த நகம் அடுக்கடுக்காக வளர்கிறது. உள்ளே புதிய அடுக்கு கூர்மையாக உருவாகும்போது, வெளியே உள்ள பழைய அடுக்கு தேய்ந்து, மழுங்கி, உறை போல் தளர்ந்து நிற்கிறது. அதைக் கழற்றி எறிய வேண்டுமானால், முரடான ஒன்றில் நகத்தை ஊன்றி இழுக்க வேண்டும். பின்னங்கால் நகங்களின் பழைய உறையைப் பூனை பல்லால் கடித்து எடுத்துவிடும். முன்னங்கால் நகங்களுக்குக் கீறுவதே வழி. உங்கள் வீட்டில் பூனை இருந்தால், அது வழக்கமாகக் கீறும் இடத்தின் அடியில் தேடிப் பாருங்கள். பிறை போல் வளைந்து, உள்ளே கூடாக இருக்கும் சிறு துணுக்குகள் கிடைக்கும். பூனையின் நகம் பெயர்ந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டா. பாம்பு சட்டை உரிப்பதைப் போல அது பழைய உறையைக் கழற்றியிருக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது காரணம் உடற்பயிற்சி. தூங்கி எழுந்த பூனையைக் கவனித்திருப்பீர்கள். எழுந்தவுடன் முதுகை வளைக்கும். பிறகு எங்கேனும் ஓரிடத்தில் நகத்தை ஊன்றிக்கொண்டு, உடல் முழுவதையும் பின்னோக்கி இழுக்கும். தோளும் முதுகும் காலும் ஒருங்கே நீள்கின்றன. நாம் சோம்பல் முறிப்பது போன்ற செயல்தான் இது. ஆனால் அதற்கு உறுதியான பிடிப்பு ஒன்று வேண்டும். ஆடுகின்ற பொருளில் நகத்தை ஊன்றி உடலை இழுக்க முடியாது. அசையாமல் நிற்கும் கனமான சோபாவைப் பூனை ஏன் விரும்புகிறது என்பது இப்பொழுது விளங்குகிறதல்லவா?

மூன்றாவது காரணம் நம் கண்ணுக்கும் மூக்குக்கும் எளிதில் புலப்படாதது. பூனையின் விரல்களுக்கு இடையே மணத்தைச் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. அது கீறும்போது அந்த மணம் பொருளின் மீது படிகிறது. கீறலின் கோடு கண்ணுக்கு அடையாளம். மணம் மூக்குக்கு அடையாளம். இரண்டும் சேர்ந்து, 'இங்கே நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கும் பலகை ஆகின்றன. முதுமலைக் காட்டிலே புலி மரத்தைக் கீறி வைப்பதும் இதே பலகைதான், எழுத்துத்தான் பெரிது! அறிவிப்புப் பலகையை யாரும் இருட்டு மூலையில் மாட்டுவதில்லை. நாற்சந்தியில்தான் நடுவார்கள். பூனையும் அப்படியே செய்கிறது. வாசற்படி, நடைவழி, படுக்கும் இடம், வீட்டார் கூடும் கூடம் ஆகியவற்றையே அது தேர்ந்தெடுக்கிறது. மூலையில் கிடக்கும் பழைய பெஞ்சை விட்டுவிட்டுக் கூடத்துப் புதுச் சோபாவை அது நாடுவது பகையினால் அன்று. பணத்தின் அருமை தெரியாததாலும் அன்று. வீட்டின் நாற்சந்தி அதுவே என்று அது சரியாகக் கணித்திருக்கிறது.

இம்மூன்று தேவைகளும் பூனையோடு பிறந்தவை. நாம் கற்பித்தவை அல்ல. ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் வழியில் வந்தது நம் வீட்டுப் பூனை. சைப்பிரசுத் தீவில் மனிதர் ஒருவரின் புதைகுழி அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூட்டைப் பற்றி 2004-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதன் காலம் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. மனிதன் தானியத்தைச் சேமித்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நாயைப் போல ஏவல் கேட்கவோ, மாட்டைப் போல ஏர் இழுக்கவோ நாம் அதைப் பழக்கவில்லை. அதன் நகத்துக்காகவே அதை வீட்டில் இருக்கவிட்டோம். எலியைப் பிடித்த அதே நகம் இன்று சோபாவில் படும்போது, அதைக் குற்றம் என்கிறோம்.

'எல்லாம் சரி, இரண்டு அடி கொடுத்தால் அடங்காதா?' என்று கேட்பவர் உண்டு. இதற்கு விடை காண, 1898-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த பரிசோதனை ஒன்றை நினைவு கூர வேண்டும். எட்வர்ட் தார்ண்டைக் என்னும் இளம் விஞ்ஞானி, கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். மரச் சட்டங்களால் பெட்டி ஒன்று செய்து, பசியுள்ள பூனையை உள்ளே அடைத்தார்; வெளியே உணவை வைத்தார். உள்ளே தொங்கும் கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறந்துகொள்ளும். முதன்முறை பூனை சட்டங்களைக் கடித்தது, கீறியது, இடுக்குகளில் தலையை நுழைத்தது. இந்த ஆரவாரத்தில் தற்செயலாக வளையம் இழுபட்டுக் கதவு திறந்தது. மீண்டும் மீண்டும் அடைத்தபோது பயனற்ற செயல்கள் சிறிது சிறிதாகக் கழிந்தன. இறுதியில் உள்ளே விட்டவுடனே வளையத்தை இழுத்துவிட்டு வெளியேறப் பூனை கற்றுக்கொண்டது. நல்ல பயனைத் தந்த செயல் நிலைபெறும் என்பதே இதிலிருந்து அவர் கண்ட விதி. தண்டனையும் அதே அளவு வலிமையோடு செயலை அழிக்கும் என்று அவர் முதலில் கருதினார். பின்னாளில், 1930-களில், அக்கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். பரிசுக்கு உள்ள ஆற்றல் தண்டனைக்கு இல்லை என்பது அவருடைய முடிவு.

பூனையை அடிப்பதால் நேர்வது இதுதான். அடியைப் பூனை தன் கீறலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அடித்த கையோடு சேர்த்துப் பார்க்கிறது. 'சோபாவைக் கீறக் கூடாது' என்று அது கற்பதில்லை. 'இவர் இருக்கும்போது கீறக் கூடாது' என்று கற்கிறது. நீங்கள் கல்லூரிக்குச் சென்றபின் நிம்மதியாகக் கீறும். மாலையில் திரும்பி வந்து, கிழிந்த துணியைக் கண்டு அடித்தாலோ, அந்த அடி எதற்கென்றே அதற்குத் தெரியாது. அச்சம் மிகுந்த பூனை தன் இடத்தைப் பற்றி ஐயம் கொள்ளும். ஐயம் கொண்ட பூனை அடையாளம் இடுவதை மிகுதிப்படுத்தும். ஆக, அடியின் பயனாகக் கீறல் பெருகினாலும் வியப்பதற்கு இல்லை.

இனி, செய்ய வேண்டியது யாது? என் தமக்கையின் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். வழியும் அதிலேயே விளங்கும்.

அங்கே மணி என்று ஒரு சாம்பல் நிறப் பூனை. என் தமக்கையின் மகளைப் பெண் பார்க்க வருவதாக ஒரு குடும்பத்தார் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதற்கென்று புதுச் சோபா வாங்கியிருந்தார்கள். வந்த வாரத்திலேயே அதன் இடக் கைப்பிடியை மணி கீறத் தொடங்கியது. என் தமக்கையின் கணவர் இளகிய மனத்தினர்தாம். ஆனாலும் அவருக்கும் பொறுமை கெட்டுவிட்டது. "நாளைக்கே கோணியில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வா" என்று மகனிடம் சொல்லிவிட்டார். பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். மணியைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் அவனே. நேரே என்னிடம் வந்தான்.

"மாமா, அப்பாவிடம் கெஞ்சி ஒரு மாதம் கெடு வாங்கியிருக்கிறேன். அதற்குள் மணியைத் திருத்த வேண்டும். என்ன செய்யட்டும்?" என்றான்.

"முதல் மூன்று நாள் ஒன்றும் செய்யாதே. ஒரு தாளில் குறித்துக்கொண்டு வா. எப்பொழுது கீறுகிறது, எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுது" என்றேன்.

அவனுக்கு ஏமாற்றந்தான். எனினும் குறித்துக்கொண்டு வந்தான். அந்தத் தாள் எல்லாவற்றையும் சொல்லிற்று. மணி பெரும்பாலும் பகல் தூக்கத்திலிருந்து எழுந்தவுடன் கீறியது. அடுத்தபடியாக, வெளியே போனவர் யாரேனும் வீடு திரும்பிய வேளையில் கீறியது. எப்பொழுதும் வாசலைப் பார்த்த இடக் கைப்பிடிதான். உயரம் இரண்டரை அடி. துணியோ, சாக்கைப் போன்ற முரட்டு நெசவு. வலக் கைப்பிடி சுவரை ஒட்டி இருந்தது. அதில் ஒரு கீறலும் இல்லை. மணிக்கு வேண்டியவை எவை என்று இனி ஊகிக்க வேண்டியதில்லை: செங்குத்தாக நிற்பது, உறுதியானது, முரடானது, இரண்டரை அடிக்கு மேல் உயர்ந்தது, வாசலைப் பார்த்த வழியில் இருப்பது.

சவுக்குக் கழி ஒன்றை மூன்றடிக்கு அறுத்து, அகன்ற மரப்பலகையில் தச்சரைக் கொண்டு பொருத்தச் செய்தோம். பலகையின் மேல் இரண்டு செங்கற்களை வைத்துக் கட்டினோம். பூனை முழு எடையோடு இழுத்தாலும் ஆடக் கூடாது என்பதே நோக்கம். கம்பம் ஒருமுறை சாய்ந்து பூனையை அச்சுறுத்திவிட்டால், மறுபடி அது அருகே வராது. கழியின் மேல் தடித்த தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி இன்றிச் சுற்றினோம். கற்றாழை நார்க் கயிறும் இதற்கு மிக ஏற்றது. பூனை வளர்ப்போரிடம் வினவித் தொகுத்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. கயிறு சுற்றிய, மூன்றடியோ அதற்கு மேலோ உயர்ந்த கம்பங்களையே பூனைகள் மிகுதியாகப் பயன்படுத்தின என்பதை அதிலும் காணலாம்.

கம்பத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பையன் அதைப் பின்கட்டில் வைக்கப் போனான்; பார்வைக்கு அழகாக இல்லையாம். நாற்சந்திப் பலகையைச் சந்துக்குள் நட்டால் யார் படிப்பார்கள்? சோபாவின் இடக் கைப்பிடிக்கு நேர் முன்னே, ஒட்டினாற்போல் அதை வைக்கச் சொன்னேன். அதே வேளையில் கைப்பிடியை வழவழப்பான பிளாஸ்டிக் விரிப்பால் இறுக்கிப் போர்த்தினோம். வழுக்கும் பொருளில் நகம் ஊன்றாது. இருபுறமும் ஒட்டும் பட்டையைச் சோபாவில் ஒட்டி வைப்பதும் உண்டு. காலில் பசை ஒட்டுவதைப் பூனை வெறுக்கும். இவ்வாறு ஒரு வாயிலை அடைக்கும்போது, பக்கத்திலேயே வேறு ஒரு வாயிலைத் திறந்து வைத்தோம். அடைப்பதை மட்டும் செய்திருந்தால், பூனை அடுத்த நாற்காலிக்குப் போயிருக்கும்.

பூனையைக் கம்பத்துக்கு ஈர்ப்பதற்கு நம் நாட்டிலேயே அரிய மூலிகை ஒன்று உண்டு. வேலி ஓரங்களில் தானே முளைக்கும் குப்பைமேனிதான் அது. அதற்குப் 'பூனைவணங்கி' என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. காரணப் பெயர் என்பதில் ஐயமில்லை. புதிதாகப் பிடுங்கிய அதன் வேரை முகர்ந்த பூனை, அதன்மேல் புரண்டு, முகத்தைத் தேய்த்து மயங்கும். மேனாட்டார் தம் பூனைகளுக்கென்று விலை கொடுத்து வாங்கும் மூலிகையின் வேலையை நம் வேலிச் செடி விலையின்றிச் செய்கிறது. எல்லாப் பூனைகளும் இதற்கு வசப்படுவதில்லை, மணி வசப்பட்டது. வேரைக் கயிற்றின்மேல் தேய்த்தால் போதும். தின்னக் கொடுத்தல் ஆகாது.

மணி கம்பத்தை முகர்ந்து, முதல் கீறலைக் கீறிய உடனே, பையன் கருவாட்டுத் துணுக்கு ஒன்றை நீட்டினான். 'உடனே' என்ற சொல்லைக் கவனியுங்கள். தார்ண்டைக்கின் பூனைக்கு வளையத்தை இழுத்த கணத்திலேயே கதவு திறந்தது. பரிசு காலம் தாழ்ந்தால், அது எந்தச் செயலுக்கு என்று பூனைக்கு விளங்காது. பூனையின் முன்னங்கால்களைப் பிடித்துக் கம்பத்தில் தேய்த்துக் காட்டுவதும் வேண்டா. பிடிபடுவதை அது விரும்பாது. அந்த வெறுப்பு கம்பத்தின்மேல் ஏறிவிடும்.

முதல் வாரத்தில் மணி இரண்டொரு முறை சோபாவுக்கே சென்றது. பையன் கத்தவில்லை, மெல்லக் கையைத் தட்டி அதன் கவனத்தைத் திருப்பி, கம்பத்தின் அருகே ஒரு நூலை ஆட்டினான். இரண்டாம் வாரத்தில், தூங்கி எழுந்த மணி தானாகவே கம்பத்தை நாடியது. அதன் பிறகு கம்பத்தை நாளுக்கு ஒரு சாணாக நகர்த்தி, சன்னல் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். ஒரே நாளில் தூக்கி வைத்திருந்தால் பழைய கதை திரும்பியிருக்கும்.

கெடு முடிந்த அன்று என் தமக்கையின் கணவர் பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துவிட்டுச் சோபாவில் அமர்ந்து பார்த்தார். "ஒரு கழியில் கயிறு சுற்ற ஒரு மாதமா?" என்றார்.

"கயிறு சுற்ற ஒரு நாள்தான் அப்பா; மற்ற நாளெல்லாம் மணி கற்பதற்கு" என்றான் பையன்.

கிழிந்த கைப்பிடியின்மேல் என் தமக்கை பூவேலை செய்த துணி ஒன்றைப் போர்த்தினாள். பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பாராட்டினார்கள். கோணிப்பை மீண்டும் அரிசிக்கே பயன்பட்டது.

இங்கே இன்னும் சில குறிப்புகளைச் சொல்ல வேண்டும். எல்லாப் பூனையும் செங்குத்தாகக் கீறுவதில்லை. சில பூனைகள் தரைவிரிப்பையும் மிதியடியையுமே கீறும். அவற்றுக்குக் கம்பம் பயன்படாது. தேங்காய் நார் மிதியடி ஒன்றையோ, நெளி அட்டைப் பெட்டியைப் பிரித்தோ தரையில் போட்டால் போதும். வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தால் இரண்டு இடங்களில் வையுங்கள். கம்பத்துக் கயிறு பிய்ந்து நார் தொங்கும்போது, அழகு கெட்டதென்று உடனே மாற்றிவிடாதீர்கள். பூனைக்கு அதன் மதிப்பு அப்பொழுதுதான் கூடுகிறது. வீட்டை விட்டு வெளியே செல்லாத பூனைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நகத்தின் நுனியை மட்டும் நறுக்கலாம். நகத்தை வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக உயிர்ப்பகுதி தெரியும். அதில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ளன. அதைத் தொடக் கூடாது. வெளியே உலவும் பூனைக்கு நகம் வெட்டுவது நன்றன்று. நாய் துரத்தினால் மரமேற அதற்கு வேறு கருவி இல்லை. என்றும் கீறாத பூனை திடீரென்று எங்கும் கீறத் தொடங்கினால், வீட்டில் என்ன மாறியது என்று பாருங்கள். புதிய பூனையின் வரவோ, வீடு மாற்றமோ காரணமாக இருக்கலாம்; கால்நடை மருத்துவரைக் கேட்பதும் நலம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பூனை நெருங்காமல் இருக்கட்டும் என்று சிலர் நாற்காலியின்மேல் பினாயிலைத் தெளிக்கிறார்கள், கற்பூரத்தைத் தேய்க்கிறார்கள், அந்துருண்டையைச் செருகி வைக்கிறார்கள். இவை பூனைக்கு நஞ்சு. பூனையின் கல்லீரலுக்குப் பினாயில் போன்ற பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. மேலும் பூனை தன் உடலைத் தானே நக்கித் துப்புரவு செய்வது. பாதத்தில் ஒட்டியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். நாற்காலியைக் காக்கப் போய் உயிரைப் போக்கிவிடக் கூடாது.

மேனாடுகளில் இதற்கு மருத்துவ முறையிலேயே ஒரு கொடுமை கையாளப்பட்டு வந்தது. நகத்தை அடியோடு நீக்கும் அறுவை அது. நகம் கடைசி எலும்போடு ஒன்றி வளர்வது என்று முன்பே சொன்னேன். ஆகவே நகம் மீண்டும் முளைக்காமல் இருக்க, ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டியாக வேண்டும். நம் விரல்களின் நுனிக் கணுக்களை எல்லாம் வெட்டுவதற்கு இது ஒப்பானது. விரல்களை ஊன்றியே நடக்கும் பிராணி பூனை. அதன் நடையே இதனால் கெடும். தற்காப்பு இழந்த பூனை கடிக்கவும் தலைப்படும். ஐரோப்பிய நாடுகள் 1987-இல் உருவாக்கிய வளர்ப்புப் பிராணி உடன்படிக்கை இதை மறுத்தது. இசுரேல் 2011-இல் இதைத் தடை செய்தது. அமெரிக்க மாநிலங்களுள் நியூயார்க் முதலாவதாக 2019-இல் தடை விதித்தது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், விலங்கின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றம் என்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறக்கூடிய நிலையில், நியாயமான காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவதும் அச்சட்டப்படி குற்றமே. கோணிப்பையைத் தேடுவோர் இதை அறிந்திருத்தல் நலம். சென்னையில் கலாட்சேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதாவே இச்சட்டத்துக்கு வித்து. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவராக இருந்தவரும் அவரே. நடனக் கலையைப் போற்றிய அந்த அம்மையார், பேச முடியாத உயிர்களுக்காக மன்றத்தில் பேசினார்.

சுவரில் கரிக்கோடு இழுக்கும் குழந்தையை நாம் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. கையில் சிலேட்டைக் கொடுக்கிறோம். எழுதும் ஆசையை அழிக்க முடியாது, எழுதும் இடத்தை மாற்றலாம் என்று நமக்குத் தெரியும். பூனைக்கும் அந்த நீதிதான் பொருந்தும். அதன் சிலேட்டு மூன்றடிக் கழியும் சிறிது கயிறும். அதை உங்கள் கையாலேயே செய்துவிடலாம். ஆனால் கழியை அறுக்கும் முன், தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் பூனையைக் கவனியுங்கள். எங்கே வைக்க வேண்டும் என்பதை அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும்.